குவின்டனைத் தேடிய வெர்னா

நெப்ராஸ்காவின் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில், மாணவர் பதிவேட்டு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்த்தாள் வெர்னா ஆஸ்ட்ராண்டர். எந்த அறையில் யார் என்பது அவளுக்கு அத்துப்படி. அதனால்தான் பிப்ரவரியில் வந்த அந்தப் பார்சல் அவள் மனதைக் குடைந்தது. இணையவழியில் நர்சிங் பட்டம் முடித்த ஒரு பெண், 'என்னை விட்டுவிடாத ஆலோசகர் குவின்டனுக்கு' என்று எழுதி இரண்டு பாட்டில் பிளம் ஜாம் அனுப்பியிருந்தாள். ஊழியர் பட்டியலில் குவின்டன் என்று யாருமே இல்லை.

பக்கத்து மேசை ஜோலீன், பேசாமல் ரொட்டியில் தடவிவிடலாம் என்றாள். வெர்னாவுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே இருந்த கடிதத்தில் குவின்டனின் எண் இருந்தது. போன் செய்தாள். எடுத்தவர் அவளுடைய கல்லூரியின் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னார்.

"நானும் இந்தக் காலேஜ்லதான் வேலை பாக்குறேன், குவின்டன். நீங்க எந்தக் கட்டடத்துல இருக்கீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "சொல்லக் கூடாதும்பாங்க மேடம். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது? நான் ஃபுளோரிடாவுல இருக்கேன். உங்க காலேஜைப் படத்துலதான் பாத்திருக்கேன்."

இணையவழிப் படிப்பின் விளம்பரத்துக்குக் கல்லூரி ஒரு வெளிக் கம்பெனியை வைத்திருப்பது வெர்னாவுக்குத் தெரியும். கல்லூரியின் பெயரில் போனில் பேசி மாணவர்களைச் சேர்ப்பதும் அவர்களேதான் என்பது தெரியாது. கல்லூரித் தலைவரிடம் போய்க் கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை. இணையவழிக் கட்டணத்தில் பாதி கம்பெனிக்குப் போகிறது, அவர்கள் வந்திராவிட்டால் கல்லூரியை எப்போதோ மூடியிருப்போம் என்றார்.

ஜாமை ஃபுளோரிடாவுக்கு அனுப்பிவிட்டு வெர்னா மறுபடி கூப்பிட்டாள். முன்பின் பார்த்திராத கல்லூரிக்கு இவர் எப்படி ஆள் சேர்க்கிறார், சேர்ந்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்று அறிய ஆசை.

"நாலுல ஒருத்தர் கிளாஸ் தொடங்குறதுக்கு முன்னாடியே போயிடறாங்க" என்றார் குவின்டன்.

"நீங்க போன் பண்ணியே நச்சரிக்கிறீங்களோ என்னமோ."

"அதுவும்தான். ஆனா பழைய காலேஜ்ல படிச்ச பாடத்தை இங்க ஏத்துக்குவாங்களான்னு ஆறு வாரம் காத்திருந்து வெறுத்துப் போறவங்கதான் அதிகம். அந்த வேலை உங்க ஆபீஸ்ல நடக்குது மேடம்."

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கோப்புகள் அவள் மேசையில்தான் குவிந்து கிடந்தன. அன்றே ஜோலீனையும் உட்காரவைத்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தாள். கோடை முடிவதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரே வாரத்தில் பதில் போகும் நிலை வந்தது. அந்த இலையுதிர் பருவத்தில் வகுப்பு தொடங்கும் முன்பே கழன்றுகொண்டவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். கம்பெனி அந்தப் பெருமையைத் தன் அறிக்கையில் போட்டுக்கொண்டது. குவின்டன்தான் அதைச் சிரித்தபடி அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

அடுத்த வருஷம் கம்பெனியுடனான ஒப்பந்தம் முடிந்தபோது, மாணவர்களுக்கு வழிகாட்டும் வேலையைக் கல்லூரியே ஏற்றுக்கொண்டது. யாரை வைப்பது என்று தலைவர் கேட்டதும் வெர்னா யோசிக்காமல் குவின்டன் பெயரைச் சொன்னாள். மகள் பள்ளியில் படிப்பதால் குவின்டன் ஃபுளோரிடாவை விட்டு வரவில்லை. வீட்டிலிருந்தபடியே கல்லூரிச் சம்பளத்தில் வேலை பார்க்கிறார். திங்கட்கிழமைதோறும் இருவரும் போனில் கோப்புகளைச் சரிபார்க்கிறார்கள். வெர்னா பக்கம் ஒரு நாள் தாமதமானாலும் அவர் விடுவதில்லை.