தூசி என்று துடைத்த புள்ளிகள்

புனேயின் பாணேரில் குடியேறிய புதிதில், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் பக்கத்துக் குன்றில்தான் கிடப்பேன். நாங்கள் சிலர் வண்ணத்துப்பூச்சிகளைப் படமெடுத்து, படத்தை வைத்தே என்ன இனம் என்று கண்டுபிடிப்போம். வலை வீசிப் பிடிப்பதில்லை, ஊசி குத்துவதில்லை. படம்தான் சாட்சி. அதனால்தான் அன்று நடந்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ப்ளெயின் டைகர் என்கிற வண்ணத்துப்பூச்சி ஒன்று எருக்கிலையில் முட்டை வைத்துவிட்டு அங்கேயே சிறகு விரித்து உட்கார்ந்தது. ஆரஞ்சுச் சிறகு, என் கோணத்தில் தெரிந்த ஒரு பின்சிறகில் மூன்று கறுப்புப் புள்ளிகள். எங்கும் பறக்கிற சாதாரணப் பூச்சிதான். ஆனாலும் வெயிலில் வெந்து, முள்ளில் சேலை கிழிந்து எடுத்த படம்.

எங்கள் குடியிருப்பின் க்ளப் ஹவுஸில் கண்காட்சி வைத்தார்கள். ஃபிலிம் ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து பெரிதாக்கும் வேலையை எதிர் ஃப்ளாட் கோயம்புத்தூர்க்காரர் ஏற்றுக்கொண்டார். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். ஸ்லைடில் தூசி ஒட்டியிருந்தால் படத்தில் கறுப்புப் புள்ளியாக விழும். அதைத் துடைக்கிறேன் பேர்வழி என்று பூச்சியின் புள்ளிகளில் இரண்டையும் சேர்த்துத் துடைத்திருந்தார் மனுஷர்! சுவரில் மாட்டிய பிறகுதான் பார்த்தேன்.

“தூசியெல்லாம் எடுத்துட்டனுங்க்கா. பளிச்சுன்னு இருக்குதுங்களா?”

அடப்பாவி! நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் குழுவின் நிபுணர் படத்தின் முன் நின்று கூவினார். “அரே வா! டனாய்ட் எக்ஃப்ளை! பெண்! நம் குன்றில் முதல் தடவை!”

எக்ஃப்ளை வேறு இனம்; அதன் பெண் ப்ளெயின் டைகரைப் போலவே வேஷம் போடும். பின்சிறகில் மட்டும் அதற்கு ஒரே புள்ளி. அவ்வளவுதான், ஒரே கைதட்டல். என் பெயர் போட்டு, எக்ஃப்ளை என்று எழுதிப் புதுச் சீட்டும் ஒட்டிவிட்டார்கள்.

நடந்ததைச் சொன்னேன். கேட்டால்தானே?

“மேடம், படத்தில் இருப்பதைத்தான் நான் சொல்வேன். ஒரு புள்ளிதான் இருக்கிறது” என்றார் நிபுணர், இந்தியில்.

“எருக்கில் முட்டை வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். எக்ஃப்ளை எருக்கில் வைக்குமா?”

“உட்கார்ந்திருக்கும்.”

உட்காருவதும் முட்டை வைப்பதும் இவருக்கு ஒன்றா? எதிர் ஃப்ளாட்காரர் என் காதருகே வந்தார். “விடுங்க்கா. எல்லாரும் சந்தோசமாத்தான இருக்கறாங்க.”

எப்படி விடுவது? நான் பார்த்ததை அழித்துவிட்டு, பார்க்காத ஒன்றை என் பெயரில் மாட்டிவைப்பார்களாம், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம்! நாளைக்கு இதை நம்பி யாராவது குன்று முழுக்க எக்ஃப்ளையைத் தேடி அலைய வேண்டுமா? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வரவேற்பு மேசையில் கிடந்த மார்க்கர் பேனாவை எடுத்தேன். படத்தின் கண்ணாடி மேலேயே, புள்ளிகள் இருந்த இடத்தில், இரண்டு புள்ளிகளை அழுத்தி வைத்தேன்.

“படத்தில் இருப்பதைத்தானே சொல்வீர்கள்? இப்போது சொல்லுங்கள்.”

நிபுணர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

“ப்ளெயின் டைகர்” என்றார்.

சீட்டை நானே உரித்துப் போட்டேன்.