கடிதத்தில் இல்லாத வரி

இன்று பகலில் பக்கத்து வீட்டுச் சரசு, மகன் போட்ட பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவன் போர்வெல் லாரியில் வடக்கே போய் இரண்டு வருடமாகிறது. எங்கள் கணபதி சந்தில் பெண்களில் படித்தவள் நான் ஒருத்திதான், அஞ்சாம் வகுப்பு. கடிதம் வந்தால் நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்போது அவளே மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டப் பழகிவிட்டாள். என் வீட்டுப் படியேறி ஒரு மாதமாயிற்று.

"ஏனுங்கக்கா, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையான்னு கேட்டிருக்கான்னு படிச்சீங்களே, அது எதுலீங்க இருக்குது? நாலு நாளாத் தேடிப்போட்டேனுங்க."

எதிலும் இல்லை. "நலம். லாரி நாக்பூரில் நிற்கிறது." அவன் எழுதுவது அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்து மீதியை நான் சேர்த்துப் படித்தேன்.

"அது நாஞ் சொன்னதுதான் அம்மணி" என்றேன்.

திட்டுவாள் என்று பார்த்தேன். கடிதங்களை ஒவ்வொன்றாக மடித்தாள்.

"அப்ப அவன் ஒருக்காக்கூடக் கேக்கலீங்களா?"

நான் அவள் முன்னால் காப்பியை வைத்தேன். அதைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

என் மகனும் மெட்ராஸிலிருந்து இரண்டு வரி எழுதுகிறான். எனக்குத்தான் படிக்கத் தெரியுமே, அந்த இரண்டு வரிதான் கிடைக்கிறது.

உங்களில் யாராவது வந்து, கொஞ்சம் பொய் கலந்து எனக்குப் படித்துக் காட்டுவீர்களா?