கத்தாத எட்டுப் பாட்டு

காடிகோய் துறையில் படகு ஏறியதும் பாடகர் நெஜாத் பின்வரிசைக்குப் போய், எஞ்சினை மூடியிருக்கும் இரும்புத் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அக்கரை வந்ததும் எல்லோரும் இறங்குவார்கள். அவர் இறங்குவதில்லை.

"இன்னைக்கும் இறங்கலியா அண்ணே?" என்பார் கயிறு கட்டும் ஊழியர்.

"அந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை? என் பாட்டெல்லாம் நடுத்தண்ணியிலதான் கெடக்கு."

கண்ணை மூடினால் பனிமூட்டமும் தண்ணீரும் எஞ்சினின் முணுமுணுப்பும் ஒன்றாகக் கரைந்துவிடும். அந்த வேகத்தில்தான் அவருடைய புதுத் தொகுப்பின் பாட்டுகள் நடக்கின்றன.

வயது எழுபத்தொன்று. தோள்வரை நரைமுடி, அதைக் கட்ட ஒரு ஷூ கயிறு. தோல் ஜாக்கெட்டுக்குள் மனைவி பின்னிய கம்பளிச் சட்டை. மீன் சந்தையைக் கடக்கும்போது யாராவது அவருடைய பழைய ராக் பாட்டின் முதல் அடியைத் தொண்டை கிழியக் கத்துவார்கள். கையை உயர்த்திக் காட்டுவார். "அதைப் பாடினவன் வேற ஆளுப்பா. அவன் விலாசம் எனக்கே தெரியாது."

புதுத் தொகுப்பில் எட்டுப் பாட்டு. ஒன்றிலும் கத்தல் கிடையாது. மூடிப்போன திரையரங்கு, விடியலில் நனைந்த தெரு என்று ஏழு முடிந்துவிட்டன. எட்டாவது, பேச்சு நின்றுபோன ஒரு நண்பனைப் பற்றியது. அதற்கு ட்ரம்ஸ் வாசிக்க யார் வந்தாலும் ஒட்டவில்லை.

அந்த நண்பர் ஹிக்மெத். நெஜாத்தின் ராக் குழுவில் முன்பு ட்ரம்ஸ் வாசித்தவர். பத்தொன்பது வருடங்களுக்கு முன், "இனி வயசுக்கேத்த மாதிரி மெதுவா வாசிப்போம்டா" என்று சொன்ன பாவத்துக்காக நெஜாத் அவரைக் குழுவை விட்டே விரட்டியிருந்தார். சென்ற செவ்வாய்க்கிழமை காலை அவரே போய் ஹிக்மெத்தின் கதவைத் தட்டினார்.

"மெதுவா ஒரு பாட்டு இருக்கு. வர்றியா?"

ஹிக்மெத் இரண்டு கைகளையும் நீட்டினார். இரண்டும் நடுங்கின. "நல்லாப் பாத்துக்கோ. இதுக்காடா இத்தனை வருஷம் கழிச்சு வந்த?"

"என் குரல் மட்டும் நேரா நிக்குதாக்கும்! கோட்டை மாட்டு, கெளம்பு."

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஹிக்மெத் ட்ரம்ஸ் குச்சிகளை விட்டுவிட்டு, மெல்ல உரசி வாசிக்கும் கம்பிப் பிரஷ்களை எடுத்துக்கொண்டார். கை நடுங்க நடுங்க, ட்ரம்ஸ் தோலின் மேல் தூரத்து மழை போல ஒரு சரசரப்பு எழுந்தது. நெஜாத் தாழ்ந்த குரலில் பாடியபடி அந்த மழைக்குள் நடந்தார். உச்சிக்கு ஏற வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. காதோடு ரகசியம் சொல்வது போல இறங்கிவிட்டது. பாட்டு முடிந்தது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒலிப்பதிவாளர் பெலின் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அண்ணே, நாலாவது அடியில தாளம் தள்ளிப்போகுது. கம்ப்யூட்டர்ல நேராக்கிடட்டுமா?"

ஹிக்மெத் தலைகுனிந்துகொண்டார்.

"தள்ளிப்போகலம்மா. அங்க அவன் நிக்கிறான், நான் காத்திருக்கேன். அப்படியே வை," என்றார் நெஜாத்.

"அப்ப உங்க குரல் உடையுற இடம்?"

"அதையுந்தான்."

"அடேய் கழுதை," என்றார் ஹிக்மெத். "அன்னைக்கு நான் சொன்னது இதைத்தானேடா."

நெஜாத் மூலையிலிருந்த தேநீர்க் கெண்டியை எடுத்து வந்தார். கை நடுங்கினாலும் சிந்தாதபடி ஹிக்மெத்தின் கண்ணாடித் தம்ளரில் பாதி மட்டும் ஊற்றினார். பிறகு தன்னுடையதிலும் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.