மஞ்சள் துணிக்குள் ஓர் உயிர்

சென்ற ஆண்டு ஆவணியில், சேந்தமங்கலத்துக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டில், மகளின் திருமணத்துக்கு முந்தின நாள் மாலை நடந்தது இது.

எங்கள் பக்கம் கல்யாண வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் நடுவோம். மூன்று கவராகப் பிரிந்த பால் மரக் கிளையை வெட்டி வந்து, நவதானியம் முடிந்த மஞ்சள் துணியை அதில் கட்டுவோம். தாலி ஏறும்வரை அந்த முடிச்சை அவிழ்க்கக் கூடாது. நாங்கள் வெட்டிய அரசங்கிளையில், கோழிமுட்டையைவிடச் சற்றுச் சிறிதாக, பழுப்பாக ஒன்று காம்போடு தொங்கியது. ஏதோ காய்ந்த காய் என்று நினைத்தேன். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. போட்டோவில் அசிங்கமாகத் தெரியுமே என்று துணியை அதன்மேல் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

மாப்பிள்ளை நல்ல பையன். அவனுடைய அம்மாதான் எனக்குப் பிடிபடவில்லை. பெண் பார்க்க வந்தபோதும் நிச்சயத்தின்போதும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அந்த வீட்டில்தான் என் மகள் இனி வாழப் போகிறாள். எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்த பின்னும் அந்த ஒன்று மட்டும் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் மேச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்த நேரம். பந்தலில் காற்றில்லை. மஞ்சள் துணி மட்டும் தானாக அசைந்தது.

"மச்சான், நவதானியம் அதுக்குள்ள மொளச்சிருச்சுங்களா?" என்றான் என் மனைவியின் தம்பி.

யாரும் சிரிக்கவில்லை. துணி மறுபடி துடித்தது. அவிழ்க்கலாம் என்று நான் கையை நீட்டியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க. தாலி ஏறாம முடிச்சத் தொடக்கூடாது. நாளைக்குப் புள்ளைக்கு ஒன்னுன்னா என்னால தாங்க முடியாதுங்க."

அதற்குள் வேன் வந்து நின்றது. மனைவி முகூர்த்தக்காலை மறைத்தபடி நின்றாள். சம்பந்தியம்மா அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டார். "என்னங்க அது, துணி அசையுது?"

தெரியவில்லை என்றும், அவிழ்க்கப் பயமாக இருக்கிறது என்றும் உண்மையைச் சொன்னேன். இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் கையிலிருந்த சீர்த் தாம்பாளத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். "உள்ள ஒரு உசுரு மூச்சு முட்டிக் கெடக்குது. அத வெச்சுக்கிட்டு நல்லது கெட்டது பாக்கறதுங்களா?" என்று சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார்.

கசங்கிய ஈரத்துணி போலச் சிறகு ஒட்டிக்கொண்ட தடித்த பூச்சி ஒன்று வெளியே வந்தது. விரலை நீட்டி அதைக் கிளையில் ஏற்றிவிட்டார். புறப்படும் நேரத்தை யாரோ நினைவுபடுத்தியதற்கு, "கொஞ்சம் முன்னப் பின்ன ஆனா ஒன்னும் ஆவாதுங்க. றெக்க விரியட்டும்" என்றார். எல்லோரும் நின்று பார்த்தோம். சிறகுகள் மெல்ல இறங்கி விரிந்தன. ஒரு சாண் அகலம், தேன் நிறம், ஒவ்வொரு சிறகிலும் கண்ணாடி பதித்தது போல ஒரு வட்டம். நான் காய் என்று நினைத்தது டசர் பட்டுப்பூச்சியின் கூடு என்று மகள் செல்போனில் பார்த்துச் சொன்னாள்.

"கல்யாணப் பட்டெடுக்கக் கடை கடையா அலஞ்சோம். இது ஊடு தேடியே வந்திருக்குது பாருங்க" என்றான் மைத்துனன். முதலில் சிரித்தவர் சம்பந்தியம்மா. பிறகு பூச்சிக்கு இடைஞ்சல் இல்லாமல், துணியை அதே கிளையில் சற்றுக் கீழே தள்ளித் தன் கையாலேயே மறுபடி கட்டினார்.

மறுநாள் கல்யாணம் முடிந்து மகளை அனுப்பும்போது, "பிள்ளையப் பத்தரமாப் பாத்துக்கங்க" என்று சம்பந்தியம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பல நாட்களாக நினைத்து வைத்திருந்தேன். கைகூப்பினேன், ஆனால் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்ற நிம்மதியை அந்த மாலை எனக்குக் கொடுத்திருந்தது; அது இன்றுவரை என்னோடு இருக்கிறது.