யாரென்று கேட்காதவன்

வண்டியூர்ப் பக்கம் நல்லகாமனை ரவுடி என்று சொன்னால் அசல் ரவுடிகள் சிரிப்பார்கள். கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற ஆள். கள்ளச்சாராய வியாபாரி வீரணனிடம் அவன் பார்த்த உத்தியோகமே வேறு. வெட்டுகிறவர்கள் வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவன் கோர்ட்டில் கையைக் கட்டிக்கொண்டு "நான்தான் செஞ்சேன்" என்று நிற்பான். அடுத்தவன் செய்த அடிதடிக்கு இரண்டு தரம் ஜெயில் களி தின்றிருந்தான்.

அதில் பெருமை வேறு. யாரை, எதற்கு என்று கேட்கவே மாட்டான். "நல்லகாமன் மாதிரி வருமா? கேள்வியே கிடையாது" என்று நாலு பேர் முன்னால் வீரணன் முதுகில் தட்டினால் போதும், மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அவன் மனைவி ஜெயக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னொரு தடவ உள்ள போனீங்க, நான் எந்தம்பி வீட்டுக்குப் போயிருவேன். பெறகு அங்க வந்து நிக்கக் கூடாது."

தம்பி அழகுமலை சமயநல்லூரில் இருந்தான். வீரணனிடம் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவன், இப்போது தனியாக விற்கத் தொடங்கியிருந்தான். "கெளம்பி வாக்கா, நான் சோறு போடுறேன்" என்று வாசலில் நின்று அவன் கத்தியதும், நல்லகாமன் அவனோடு மல்லுக்கு நின்றதும் தெருவுக்கே தெரியும். ஜெயக்கொடி போய்விட்டால் நல்லகாமனுக்கு வேறு நாதியில்லை.

அதனால்தான் ஒருநாள் விடியுமுன்னே வீரணன் மறுபடி கூப்பிட்டபோது தயங்கினான்.

"இதுதான் கடைசி மாப்ள. வெளிய வந்ததும் தெப்பக்குளத்துப் பக்கம் சோடாக் கடை வச்சுத் தாரேன். புருசனும் பொண்டாட்டியும் பொழச்சுக்கங்க."

"வீட்ல ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேண்ணே."

"நான் சொல்லிவிடுறேன். நீ கார்ல ஏறு."

சோடாக் கடையில் ஜெயக்கொடி சிரித்துக்கொண்டு நிற்பதாக நினைத்துப் பார்த்தான். ஏறிவிட்டான். வெளியூரில் ஒரு வக்கீல் வீட்டு மாடியில் வைத்து ஆட்டுக்கறியும் சோறுமாகப் போட்டார்கள். இம்புட்டு உபசாரம் எதற்கு என்றாவது அந்தப் பாவி கேட்டிருக்கலாம்.

மறுநாள் கோர்ட்டில் வக்கீல் சரணடையும் மனுவை வாசித்தார். சமயநல்லூர் அழகுமலை கொலை வழக்கு.

"எந்த அழகுமலை?" என்றான் நல்லகாமன்.

"வெட்டுனவனுக்கே தெரியலையாம்" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"நான் செய்யலைங்கய்யா! அவன் எம் மச்சினன்யா!" என்று கதறினான். அதுவே அவனுக்கு வினையாகிவிட்டது. பெண்டாட்டியைப் பிரிக்கப் பார்த்த மச்சினன்; தெருவே பார்த்த சண்டை. வீரணன் இவனைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். நல்லகாமனை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

தம்பி செத்த எட்டாம் நாள் சடங்கான எட்டாந்துக்கம் முடிந்து ஜெயக்கொடி பார்க்க வந்தாள். அழுது தீர்ந்துபோன முகம்.

"சத்தியமா நான் செய்யலை ஜெயக்கொடி."

"தெரியும். அவன வெட்டுன ராத்திரி நீங்க எங்கூட வீட்லதான இருந்தீக. நான் இதச் சொல்லாத ஆளில்ல. புருசனுக்காகப் பொய் சொல்றாங்கிறாக." கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எந்தம்பிய வெட்டுனவன் வெளிய திரியிறான், உங்க தயவுல. கார்ல ஏறுறதுக்கு முந்தி, யாருன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா மாமா?"

நேரம் முடிந்தது என்று வார்டர் சத்தம் போட்டார். அவள் திரும்பி நடந்தாள்.

"ஜெயக்கொடி, இப்ப எங்க போவ?" என்று கேட்டான்.