ஏணியைப் பிடித்தவள்

மிளகு பறிக்க எங்கள் மலையில் ஒற்றை மூங்கிலைத்தான் ஏணியாகச் சாத்துவோம். கணுவில் விட்டிருக்கும் கட்டைகள்தான் படி. கீழே ஒருவர் அணைத்துப் பிடிக்காவிட்டால் உருண்டுவிடும். என் மனைவி பிடித்தால் மூங்கில் அசையாது. பக்கத்துத் தோட்டக்காரர்களும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது அதில் மட்டும்தான்.

பாம்பென்றால் அவளுக்கு உயிரே போய்விடும். எனக்கோ அந்தப் பயம் பொழுதுபோக்கு. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு காலையில், மிளகு படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய மூங்கிலில் பதினைந்தடி உயரத்தில் நின்றுகொண்டு, ஒரு துண்டு மிளகுக்கொடியை அறுத்து அவள் தோளில் எறிந்தேன். கை விட்டுவிட்டாள். மூங்கில் சுழன்றது. ஏணி பிடிப்பவரிடம் விளையாடக் கூடாதென்று மலையில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஓடிவந்தவர்களிடம், "கொடி உழுந்ததப் பாம்புன்னு பயந்து கைய உட்டுட்டாளுங்க" என்றேன். எறிந்தது யாரென்று சொல்லவில்லை.

நாமக்கல்லில் கட்டுப்போட்ட டாக்டரிடமும் அதையே சொன்னேன். "அவங்கள திட்டாதீங்க. பயப்படுற பொருள் எதுவானாலும் கண்ணு முதல்ல அதுலதான் போயி நிக்கும். மூளை கைகால உதறிட்டு, அப்புறந்தான் அது பாம்பா கொடியான்னு பாக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவள் மேல் குற்றமில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? படுத்துக் கிடப்பவனுக்கு ஊர் காட்டும் இரக்கம் ருசியாக இருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவளைக் கேலி செய்தேன். புருஷனைக் கீழே போட்டவள் என்று அவளுக்குப் பெயர் நிலைத்தது.

போன தை மாதம் பக்கத்துத் தோட்டக்காரர் மிளகு பறிப்புக்கு ஆள் தேடி எங்கள் பக்கம் வந்தார். அவள் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா, மேல ஏறுறவன் பயப்படறானுங்க" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

"ஏனுங்க, நீங்க கொடிய அறுத்து எறிஞ்சத நான் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். கொடின்னு தெரிஞ்சும் கை நிக்கலீங்க. நீங்களே ஒருநாள் சொல்லுவீங்கன்னு நானும் வாயத் தெறக்கல."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அவள் மேல் கோபமாக ஏறியது.

"கஞ்சியில உப்புப் பத்தல" என்றேன்.