நான் போடாத மூன்றாவது கோடு

எண்பதுகளில் மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே ஒரு பிளைவுட் ஆலையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். கிராணி என்றால் பெரிய உத்தியோகம் என்று எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தபாலில் வரும் வர்த்தக அறிக்கைகளைப் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் இரண்டு கோடுகள் இழுப்பதுதான் அந்தப் பெரிய உத்தியோகம். நீலக் கோடு நம் நாடு வெளியே விற்ற பிளைவுட். சிவப்புக் கோடு இந்தோனேசியா விற்றது. வருடத்துக்கு வருடம் சிவப்பு விறுவிறுவென்று ஏறியது. நீலம் நத்தையாக ஊர்ந்தது.

மானேஜர் அந்தத் தாளைப் பெண்கள் வேலை செய்யும் மேசைகளுக்கு எதிரே ஒட்டச் சொன்னார்.

"அவன் ஓடுறான்லா. நீங்க தடவிக்கிட்டு நிக்கிறீங்க!"

தடவியது உண்மைதான். அந்தப் பெண்களில் பாதிப் பேர், செமோர் பக்கம் துண்டுபோட்டு விற்கப்பட்ட தோட்டங்களில் பால்மரம் வெட்டி, பட்டையிலிருந்து ரப்பர்பால் எடுத்தவர்கள். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டுவிட்டால் மேற்பார்வை பார்க்கும் மண்டோரின் வசவு லயத்து வீடுகள் வரை கேட்கும். அந்தப் பழக்கம் விடவில்லை. அவர்களில் ஓர் அக்கா, மெல்லிய மரத்தகட்டின் விரிசலுக்கு ஒட்டுநாடா போட்டபின், தகட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் விரலால் வருடிப் பார்ப்பார். யாரும் கேட்காத வேலை. அவர் மேசையில் எப்போதும் ஓர் அடுக்கு மிச்சம் இருக்கும். ஆனால் அவர் கைபட்ட தகடு அழுத்த இயந்திரத்தில் பிளந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அதற்கு எந்தத் தாளிலும் கோடு கிடையாது.

எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது வேறொன்றை நினைத்து. அதே அறிக்கைகளில் இன்னொரு பக்கமும் இருந்தது. இந்தோனேசியா உருட்டு மரத்தை வெளியே விற்பதைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டது. பலகையாக்கித்தான் விற்றது. நாமோ சபா, சரவாக் காடுகளை வெட்டி, மரத்தை உருட்டாகவே கப்பலேற்றிக்கொண்டிருந்தோம். வாங்கியவன் பலகை செய்து சம்பாதித்தான். அதற்கு ஒரு பச்சைக் கோடு போட்டிருந்தால் சங்கதி எல்லோருக்கும் விளங்கியிருக்கும். மானேஜரிடம் ஒருமுறை சொல்லியும் பார்த்தேன்.

"கேட்டத மட்டும் போடு," என்றார். அதை மட்டும் போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அக்காவின் வேலைநீக்கக் கடிதத்தையும் நானே தட்டச்சு செய்தேன். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கடிதத்தை என்னிடமே கொண்டுவந்தார்.

"என்னா தம்பி போட்டிருக்கு?"

"மெதுவா வேலை செய்றீங்களாம்க்கா. அதனாலதான் நாம பின்னுக்குப் போயிட்டோமாம்."

அவர் அழவில்லை. என்னைச் சுவரருகே கூட்டிப்போய், மூன்று வருடமாகத் தன் முகத்துக்கு நேரே தொங்கிய தாளைக் காட்டினார்.

"நான் வேலைக்கு வந்த வருசம் இதுல எங்க இருக்கு?"

விரல் வைத்துக் காட்டினேன். சிவப்பு நீலத்தைத் தாண்டிய இடம் என் விரலுக்கு நன்றாக இடப்பக்கம் இருந்தது. அவரும் அதைப் பார்த்துவிட்டார்.

"அப்ப நான் வாரதுக்கு முன்னால யாரு தம்பி இங்க தடவிக்கிட்டு நின்னா?"

மானேஜர் அறைக் கதவு திறந்தே இருந்தது. அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

திங்கட்கிழமை காலை மானேஜர் அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு, கடைசி மூன்று வருடங்களுக்கு மட்டும், சிவப்பு முதலிலிருந்தே மேலே நிற்கும்படி, புதிதாக வரையச் சொன்னார். அதையும் வரைந்து கொடுத்தேன்.